அகந்தையை விடுவது என்றால் என்ன? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஓர் அறிமுகம்

ஆன்மிகப் பக்கம் லேசாகத் தலையை நீட்டியவருக்குக்கூட முதல் வாரத்திலேயே கிடைத்துவிடும் அறிவுரை, "அகந்தையை விடு" என்பது. சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார், கேட்டவர்தான் முழிப்பார். எதை விடுவது? அது எங்கே இருக்கிறது? விட்டுவிட்டால் அப்புறம் வேலைக்குப் போவது யார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார்? இதற்கெல்லாம் பதில் தெரியாமலேயே வருஷக்கணக்கில் அகந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் முன்பைவிடக் கடுகடுத்த ஆட்களாக ஆகிப்போவதையும் பார்க்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். அகந்தை என்றதும் திமிர் பிடித்த ஆள் ஒருவர் நம் நினைவுக்கு வருவார். எல்லோரையும் எடுத்தெறிந்து பேசுபவர், தன் புகழைத் தானே பாடுபவர். அதுவும் அகந்தைதான், ஆனால் வெளியே தெரியும் ஒரு சிறு பகுதி. ஆன்மிக மரபுகள் பேசுவது அதற்கு அடியில் இருக்கும் ஒன்றை. கூச்ச சுபாவக்காரரிடமும் அது இருக்கிறது. "நான் எதற்குமே லாயக்கில்லை, எனக்கு மட்டும்தான் இப்படி நடக்கும்" என்று புலம்புகிறாரே, அவரிடமும் அது கொஞ்சமும் குறையாமல் இருக்கிறது. அவர் பேச்சில் எத்தனை ‘நான்’ வருகிறது என்று எண்ணிப் பார்த்தாலே தெரியும். தன்னை உயர்த்திப் பிடிப்பதும் தாழ்த்திப் பிடிப்பதும் ஒரே பிடிதான்.

சரி, அந்தப் பிடி எது? உடம்பு இருக்கிறது, மூச்சு ஓடுகிறது. எண்ணம் வருகிறது, போகிறது. ஒரு பெயர், சில நினைவுகள், சில கருத்துகள், நாலைந்து உறவுகள். இவை எல்லாம் அதனதன் காரணங்களால் நடந்துகொண்டிருக்கின்றன. நடுவில் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு "இது நான், இது என்னுடையது" என்று உரிமை கொண்டாடுகிறது. அந்த உரிமை கொண்டாடலுக்குத்தான் அகந்தை என்று பெயர். துறவு அதிகாரத்தில் வரும் 346ஆவது குறள் இதை இரண்டே சொல்லில் பிடிக்கிறது: "யான்எனது என்னும் செருக்கறுப்பான் வானோர்க்கு உயர்ந்த உலகம் புகும்." பரிமேலழகர் உரையில் இது இன்னும் தெளிவாகும். தான் அல்லாத உடம்பை ‘யான்’ என்று எண்ணுவதும், தன்னோடு ஒட்டுறவு இல்லாத பொருளை ‘எனது’ என்று எண்ணுவதும் ஒரு மயக்கம் என்கிறார். உடம்பையும் பொருளையும் அவர் குற்றம் சொல்லவில்லை, அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ளும் எண்ணத்தைத்தான் சொல்கிறார்.

இதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நண்பர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் ஒரு தகவல் போடுகிறீர்கள். ஒருவர் பதில் போடுகிறார்: "இது தப்பு. சரியாகப் பார்த்துவிட்டுப் போடவும்." அடுத்த ஐந்து நொடியில் என்ன நடக்கிறது? முதலில் உடம்பு. நெஞ்சுப் பக்கம் ஏதோ இறுகும், முகம் சூடாகும். வார்த்தை இன்னும் வந்திருக்காது. அதற்கப்புறம்தான் மனதில் முதல் வாக்கியம்: "என்னையா?" அதன் பின்னாலேயே ஒரு வக்கீல் எழுந்துவிடுவார். அவர் போன மாதம் தப்பாகப் போட்டது, அவருக்கு எப்போதுமே உங்கள் மேல் ஒரு இது, இவ்வளவு பேர் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்லியிருக்கலாமே... ஒரு நிமிஷத்தில் கட்டு கட்டாக ஆதாரம் சேர்ந்துவிடும். இத்தனைக்கும் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தகவல் சரியா, தப்பா? அதைப் போய்ச் சரிபார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் தகவல் எப்போது ‘என் தகவல்’ ஆனதோ, அப்போதே அதன் மேல் விழுந்த அடி நம் மேல் விழுந்ததாகிவிட்டது.

அகந்தையைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்த ஐந்து நொடிக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். இறுக்கம் வந்தது, ‘என்னையா’ வந்தது, வக்கீல் வந்தார். இவற்றில் எதையும் நாம் யோசித்து முடிவெடுத்துச் செய்யவில்லை. தானாக நடந்தது. ஆனால் நடந்து முடிந்ததும் "நான் கோபப்பட்டேன், நான் பதிலடி கொடுத்தேன்" என்று கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம்.

ஏன் கண்ணில் படுவதில்லை?

அகந்தை பொல்லாததாக இருப்பதற்குக் காரணம் அதன் பலம் இல்லை, அது தன்னை மறைத்துக்கொள்ளும் விதம். இதைச் சைவ சித்தாந்தம் அளவுக்குத் துல்லியமாகச் சொன்ன மரபு குறைவு. உயிரைக் கட்டியிருக்கும் மலங்கள், அதாவது அழுக்குகள், மூன்று: ஆணவம், கன்மம், மாயை. இவற்றில் ஆணவம்தான் மூல மலம். மற்ற இரண்டும் அதற்குப் பிறகுதான். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஆணவத்தை இருட்டோடு ஒப்பிட்டு, அது இருட்டைவிட மோசம் என்கிறார்:

"ஒருபொருளுங் காட்டா திருளுருவங் காட்டும்
இருபொருளுங் காட்டா திது."

இருட்டு மற்ற பொருள்களை மறைக்கும். ஆனால் ‘இங்கே இருட்டாக இருக்கிறது’ என்பதை மறைக்காது. அது நமக்குத் தெரியும், விளக்கைத் தேடுவோம். ஆணவம் பொருளையும் மறைக்கும், தான் இருப்பதையும் மறைக்கும். "எனக்கெல்லாம் ஈகோவே கிடையாதுங்க" என்று ஒருவர் மனதாரச் சொல்ல முடிவது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை.

இதே இடத்தில்தான் ‘அகந்தையை ஒழிப்பேன்’ என்ற சபதமும் சிக்கிக்கொள்கிறது. ஒழிப்பேன் என்று கிளம்புவது யார்? அதே ‘நான்’. ரமண மகரிஷி இதைத் திருடனைப் பிடிக்கத் திருடனையே போலீஸ்காரனாக நியமிப்பதோடு ஒப்பிட்டார். தேடல் ஜோராக நடக்கும், விசில் சத்தம் கேட்கும், கைது மட்டும் நடக்காது. பட்டினி கிடப்பது, தன்னையே திட்டிக்கொள்வது, நாலு மணிக்கு எழுந்து ஐந்து மணி நேரம் உட்காருவது எல்லாம் அகந்தையைக் கரைக்கும் என்று நம்பி இறங்குபவர்களுக்கு இதுதான் நடக்கிறது. ஐந்து மணி நேரம் உட்கார்ந்தவர் என்ற புதுப் பட்டம் ஒன்று சேர்ந்ததுதான் மிச்சம்.

அப்படியானால் வேறு என்னதான் வழி? அடிப்பதற்குப் பதிலாகப் பார்ப்பது. உரிமை கொண்டாடும் அந்தக் கணத்தில் அதைக் கண்டுகொள்வது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும்.

பழைய பாதைகள்

1896ஆம் ஆண்டு மதுரையில் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு, உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே, சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று வந்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போலக் கை காலை நீட்டிப் படுத்து, "சரி, சாவு வந்துவிட்டது, சாவது எது? இந்த உடம்பு போனால் நானும் போய்விடுவேனா?" என்று உள்ளே பார்த்தான். வேங்கடராமன் என்ற அந்தப் பையன்தான் அதே ஆண்டு செப்டம்பரில் திருவண்ணாமலை வந்து சேர்ந்து, பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர். அவர் பிற்பாடு சொல்லிக்கொடுத்த விசாரம் இந்தப் பார்வையின் எளிய வடிவம்தான். ஓர் எண்ணம் எழும்போது, "இது யாருக்கு எழுந்தது?" என்று கேட்க வேண்டும். "எனக்கு" என்று பதில் வரும். "அந்த நான் யார்?" என்று அந்த ‘நான்’ எழும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, இதை ஒரு பரீட்சைக் கேள்வி ஆக்கிக்கொள்வது. "நான் ஆன்மா", "நான் பிரம்மம்" என்று விடை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்தக் கேள்விக்கு வார்த்தையில் விடை தேவையில்லை. கேட்டதும் கவனம் எண்ணத்திலிருந்து எண்ணுபவர் பக்கம் திரும்புகிறது. திரும்பிப் பார்த்தால் அங்கே கெட்டியாக யாரும் கையில் சிக்குவதில்லை. அந்த ஒரு கணத்தில் தங்குவதுதான் பயிற்சி. வாட்ஸ்அப் உதாரணத்தில் அந்த முதல் இறுக்கம் வந்தவுடன் "யாருக்கு வலிக்கிறது?" என்று நிஜமாகவே பார்த்தால், வக்கீல் வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். எப்போதும் கிடைக்காது. சில சமயம் கிடைக்கும்.

இரண்டாவது வழி சரணாகதி. "நீர்நுமது என்றிவை வேர்முதல் மாய்த்திறை சேர்மின்" என்கிறார் நம்மாழ்வார் திருவாய்மொழியில். குறள் பேசிய அதே இரட்டை, இங்கே இறைவனோடு சேர்வதற்கான முதல் படியாக நிற்கிறது. நடக்கும் எல்லாவற்றையும் இறைவன் கையில் ஒப்படைத்துவிட்டால் உரிமை கொண்டாட மிச்சம் எதுவும் இருக்காது என்பது இதன் கணக்கு. பக்தி இயல்பாக வருகிறவர்களுக்கு விசாரத்தைவிட இது சுலபம். இதிலும் ஒரு வளைவு உண்டு. "எல்லாம் உன் செயல்" என்று சொல்லிவிட்டு, கேட்டது கிடைக்காதபோது "உனக்கு நான் என்ன குறை வைத்தேன்?" என்று சண்டைக்குப் போனால், ஒப்படைத்தது எதையும் இல்லை, ஒரு ஒப்பந்தம்தான் போட்டிருந்தோம் என்று தெரிந்துவிடும். அது தெரிவதும் நல்லதுதான்; கோபம் வந்த இடம், இன்னும் கையை விடாத இடம்.

மூன்றாவது, தொண்டு. இதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. யாருக்காவது உருப்படியான உதவி ஒன்றைச் செய்யுங்கள். அவருக்கும் தெரியக்கூடாது, வேறு யாருக்கும் சொல்லக்கூடாது. உதவி செய்வது எளிது. சொல்லாமல் இருப்பதுதான் பாடு. சாயங்காலத்துக்குள் நாக்கு அரிக்கும். நேரடியாகச் சொல்லாவிட்டாலும், பேச்சைச் சுற்றி வளைத்து அந்தப் பக்கம் கொண்டுபோகத் தோன்றும். ஒரு வாரம் கழித்து அந்த ஆளே உங்களிடம் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பேசினால், "நான் மட்டும் அன்றைக்கு..." என்று உள்ளே ஒன்று சீறும். அகந்தை எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல ஜன்னல் இல்லை.

இந்த மூன்றில் எது உசத்தி என்ற வாதம் பல நூற்றாண்டாக நடக்கிறது, நமக்கு அது வேண்டாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் போனால் மற்ற இரண்டும் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

வேதாந்தமும் சைவமும் அகந்தைக்குப் பின்னால் உண்மையான ஒன்று உண்டு என்கின்றன: ஆன்மா அல்லது உயிர். புத்தர் அப்படிச் சொல்லவில்லை. முதல் ஐந்து சீடர்களுக்குச் சொன்ன இரண்டாவது பேருரையில் உடல், உணர்ச்சி, குறிப்பு (இது இன்னது என்று அடையாளம் காண்பது), மனச் செயல்கள், அறிவு என்று ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, "இது என்னுடையதில்லை, இது நானில்லை, இது என் ஆன்மா இல்லை" என்று பார்க்கச் சொன்னார். இது லேசான கருத்து வேறுபாடு இல்லை. எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது என்று பூசி மெழுகக் கூடாது. ஆனால் தொடங்குகிறவருக்கு இரண்டு தரப்பும் காட்டும் இடம் ஒன்றுதான்: ‘நான்’ என்று எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாயோ அதைப் பார். பார்த்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் விவாதிக்கட்டும்.

புத்த மரபில் வரும் கேமகர் என்ற துறவியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அவர் நோயுற்றுப் படுத்திருக்கிறார். கோசாம்பியில் இருந்த மூத்த துறவிகள், தாசகர் என்பவர் வழியாகக் கேள்வி அனுப்புகிறார்கள்: அந்த ஐந்தில் எதையாவது ‘நான்’ என்று கருதுகிறீர்களா? இல்லை என்கிறார். அப்படியென்றால் நீங்கள் முழு விடுதலை அடைந்தவர்தானே என்று மறுபடி ஆள் வருகிறது. அதுவும் இல்லை என்கிறார். ஐந்தில் எதையும் நான் என்று கருதவில்லை, ஆனாலும் ‘நான் இருக்கிறேன்’ என்பது இன்னும் போகவில்லை. தாசகர் இப்படி அங்கும் இங்குமாக நடந்துகொண்டே இருக்க, கேமகருக்கே பொறுக்கவில்லை. கைத்தடியை எடுத்துவரச் சொல்லி, முடியாத உடம்போடு தானே எழுந்து போய் விளக்குகிறார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே, சுமார் 60 மூத்த துறவிகளோடு அவருக்கும் அந்த மிச்சம் போய்விட்டது என்று சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூல் சொல்கிறது.

அறிவால் புரிந்துவிட்டது என்பதற்கும் உள்ளே போய்விட்டது என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று இந்தக் கதை காட்டுகிறது. உயிரைக் கட்டுவதாகப் பௌத்தம் சொல்லும் பத்துத் தளைகளில், ‘இதுதான் நான்’ என்ற கொள்கை விடுதலையின் முதல் நிலையிலேயே அறுந்துவிடும். ‘நான்’ என்ற அந்த மெல்லிய நினைப்போ (பௌத்தத்தில் இதற்கு மானம் என்று பெயர்) பட்டியலில் எட்டாவது. கடைசி நிலையில்தான் போகும். நாலு புத்தகம் படித்ததும் "எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது" என்று தோன்றினால் கேமகரை நினைத்துக்கொள்ளலாம்.

உளவியல் பேசும் ஈகோவையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புபவர்கள் நிறைய. சிக்மண்ட் ஃபிராய்டு 1923இல் முன்வைத்த மனப் பிரிவினையில் ஈகோ என்பது இச்சைக்கும் மனசாட்சிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே சமாளித்து நடத்தும் ஒரு பகுதி. அது பலமாக இருப்பதுதான் ஆரோக்கியம். அதை யாரும் விடச் சொல்லவில்லை. சாலையைக் கடக்க, பில் கட்ட, "முடியாது" என்று சொல்ல அது வேண்டும்.

மூளையைப் பற்றியும் இரண்டு வரி. நாம் எந்த வேலையிலும் ஈடுபடாதபோது மூளையின் சில பகுதிகள் சேர்ந்து இயங்குவதை மார்க்கஸ் ரெய்க்ல் குழுவினர் 2001இல் விவரித்தார்கள். நம்மைப் பற்றிய சிந்தனை, பழசைக் கிளறுவது, வருவதைக் கற்பனை செய்வது எல்லாம் இந்த வலைப்பின்னலோடு தொடர்புடையவை. நீண்ட கால தியானப் பயிற்சி உள்ளவர்களிடம் தியானத்தின்போது இதன் முக்கியமான பகுதிகளின் செயல்பாடு குறைந்திருப்பதை ஜட்சன் ப்ரூவர் குழுவினரின் 2011 ஆய்வு காட்டியது. சுவாரசியமான செய்தி. ஆனால் இதை வைத்துக்கொண்டு "ஞானம் அறிவியல்பூர்வமாக நிரூபணமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், அந்த ஆய்வு அவ்வளவு தூரம் போகவில்லை.

வழுக்கும் இடங்கள்

கொஞ்ச நாள் பயிற்சி செய்தவருக்கு ஒரு நாள் தியானம் நன்றாகக் கூடும். எண்ணம் அடங்கி, மூச்சு மெலிந்து, உடம்பு இருப்பதே தெரியாமல் ஒரு அமைதி. அது முடியும் முன்பே ஒரு குரல் கேட்கும்: "ஆகா, இன்றைக்கு எவ்வளவு நன்றாக உட்கார்ந்தேன்!" அமைதிக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். அடுத்த கட்டத்தில், பயிற்சி செய்யாதவர்களைப் பார்த்து ஒரு இரக்கம் வரும். அப்புறம் மெதுவாகப் பேச ஆரம்பிப்பார், சிரிப்பை அளந்து சிரிப்பார், யாராவது கோபப்பட்டால் "அது உங்கள் ஈகோ" என்பார். பணக்காரர் என்ற அகந்தையைக் கண்டுபிடிப்பது எளிது. பணிவானவர் என்ற அகந்தைதான் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஒளிந்துகொள்ளும்.

இதைவிட ஆபத்தானது, மற்றவரின் அகந்தையை விடவைக்க ஒருவர் கிளம்புவது. சீடர் ஒரு நியாயமான கேள்வி கேட்கிறார்: இந்தப் பணம் எங்கே போகிறது, அந்தப் பெண்ணிடம் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள்? "கேள்வி கேட்பது உன் அகந்தை" என்று பதில் வந்தால், அங்கே ஆன்மிகம் நடக்கவில்லை. வாயை அடைக்க வசதியான சொல் ஒன்று கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளும் இது நடக்கும். பொறுத்துப் போகிறவரையே இன்னும் பொறுத்துப் போகச் சொல்ல இந்தச் சொல் பயன்படுகிறது. அகந்தையை விடுவது என்பது தனக்குத்தானே செய்துகொள்வது. அடிக்கும் கையை நிறுத்தச் சொல்வதும், அங்கிருந்து வெளியேறுவதும் அகந்தையில் சேராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘நான் இல்லை’ என்ற தெளிவு வேறு. தன் உடம்பே தனக்கு அந்நியமாகி, சுற்றியுள்ள உலகம் நிஜமில்லாதது போலத் தோன்றிப் பதற்றத்தில் தவிப்பது வேறு. இரண்டாவது, மனநல மருத்துவம் நன்கு அறிந்த ஒரு நிலை. தீவிரமாகத் தியானம் செய்யும்போதும் சிலருக்கு அது வரலாம். வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவருக்கும் "உன்னை இல்லாமலாக்கிக்கொள்" என்ற பேச்சு மருந்தாகாது. முதலில் நலம், பிறகு விசாரம்.

விட்ட பிறகு?

‘நான்’ போய்விட்டால் மரக்கட்டையாகிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இஸ்லாத்தின் ஆன்மிக வழியான சூஃபி மரபு இதற்கு நேரடியாகப் பதில் வைத்திருக்கிறது. ‘நான்’ அழிவதை ஃபனா என்கிறார்கள். பயணம் அதோடு முடிவதில்லை. அதற்கப்புறம் இறைவனில் நிலைத்திருக்கும் பகா என்ற நிலை வருகிறது. பாக்தாத்தில் வாழ்ந்த சூஃபி ஞானி ஜுனைத் போன்றவர்கள், பரவசத்தில் மூழ்கிக் கிடப்பதைவிடத் தெளிவோடு உலகத்துக்குத் திரும்பி வந்து வாழ்வதை உயர்வாகக் கருதினார்கள்.

ரமணரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் அவர் விடிவதற்கு முன்பே ஆசிரமச் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கினார், அரைத்தார். வேலை சுத்தமாக இருக்க வேண்டும், எதையும் வீணாக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். பந்தியில் மற்றவர்களைவிடத் தனக்கு ஒரு துளி அதிகம் வைத்தாலும் கண்டித்தார். பெயருக்குத் திரும்பிப் பார்த்தார், வேடிக்கையாகப் பேசினார். ஆளுமை அப்படியே இருந்தது. அதன் மேல் உட்கார்ந்து உரிமை கொண்டாடும் ஒன்று மட்டும் இல்லை என்று அவரோடு இருந்தவர்கள் உணர்ந்தார்கள்.

நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள தியானத்தில் வரும் வெளிச்சங்களையும் அனுபவங்களையும் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒரு சொல் சுட்டது முதல் ‘இதோ, சுட்டுவிட்டது’ என்று கண்டுகொள்வது வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாம். ஆரம்பத்தில் அது மூன்று நாளாக இருக்கும். சண்டை எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் உறைக்கும். பிறகு ஒரு மணி நேரமாகும். அப்புறம் பதிலை டைப் செய்து முடித்து, அனுப்பும் முன்பு. கண்டுகொண்டதும் கோபம் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோபம் இருக்கும், அதற்கு வக்கீல் மட்டும் கிடைத்திருக்க மாட்டார். இந்த நேரக் கணக்கிலும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதால், அவ்வப்போது கூட வாழ்கிறவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்லும் பதில் பிடிக்காமல் போனால், பயிற்சியை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.